ஆடி மாதத்துக் கல்யாணக் கேசட்

எங்கள் மாமாவைப் போல ஒரு வீடியோக்காரர் தாமிரபரணிக்கு வடகரையிலும் கிடையாது, தென்கரையிலும் கிடையாது. இதை ஊரார் சொல்லி நான் கேட்டதில்லை, மாமாவே சொல்லுவார். அம்மாவுக்கு ஒரே தம்பி. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருந்தார். தோளில் தூக்கி வைத்துக்கொள்கிற பெரிய கேமராவும், மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் வேர்க்க வைக்கிற ஒரு விளக்கும் அவர் சொத்து. சேரன்மகாதேவியைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் கழுத்தில் தாலி ஏறினாலும் அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் ஏறும்.

தொழில் ரகசியம் ஒன்றும் வைத்திருந்தார். ரகசியம் என்றுதான் பேர், எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் சொல்லுவார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் எவன் வேண்டுமானாலும் எடுத்துவிடுவானாம். பத்திரிகையில் பேர் விட்டுப்போனது என்றோ, முறையாக வந்து அழைக்கவில்லை என்றோ, பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு முறைத்தபடி ஒருத்தர் நிற்பார். அவரைத்தான் முதலில் எடுக்க வேண்டுமாம்.

"அந்த ஆளு ஒருக்கா சிரிச்சுட்டாருன்னா கல்யாணம் நடந்துரும்க்கா. இல்லன்னா தாலி கட்டினாலும் நடந்த மாதிரி இருக்காது."

அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு வைப்பாள். எனக்கு இந்தப் பேச்சில் எல்லாம் அக்கறை இல்லை. கல்யாண வீட்டிலிருந்து மாமா முறுக்கு கொண்டு வந்திருக்கிறாரா என்பதுதான் என் கவலை.

ஆடி பிறந்தால் மாமாவுக்குப் பிழைப்பு இல்லை. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? கேமராவைப் போர்வையில் சுற்றி எங்கள் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, நாள் முழுக்கத் தூங்குவார். நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டில் அப்படித்தான் அவரும் கேமராவும் எங்கள் வீட்டில் கிடந்தார்கள்.

அந்த ஆண்டுதான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு சயின்ஸ் டீச்சர் எங்கள் பள்ளிக்கு வர ஆரம்பித்தார். சிறு வயசு. புத்தகத்தில் இருப்பதை வாரநாளில் முடித்துவிட்டு, சனிக்கிழமை எங்களை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போவார். ஆற்றிலிருந்து பிரிந்து வருகிற அந்த வாய்க்காலில் நாங்கள் பிறந்ததிலிருந்து குளிக்கிறோம், ஆனால் மேல்மதகில் திறந்த தண்ணீர் குளத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டார். பள்ளி முற்றத்தில் களிமண்ணால் வாய்க்காலையும் குளத்தையும் செய்தோம். தேங்காய்ச் சிரட்டையில் ஈர்க்குச்சி நட்டு, கொடி கட்டி, தண்ணீரில் விட்டுக் கூடவே ஓடினோம். படிப்பு என்றால் காத தூரம் ஓடுகிற எனக்கு, சனிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது. டீச்சர் என்றால் எனக்கு அப்போது உயிர்.

பெரியப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அப்பாவுக்கு அண்ணன், அரிசி மில் முதலாளி, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அப்பா ஒரு செருப்பு வாங்குவதாக இருந்தால்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். வயசு வரப்போகிற பெண் பிள்ளைகள் பாவாடையை நனைத்துக்கொண்டு கரையில் ஓடுவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று மில்லில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டார். வரும் பெற்றோர் கூட்டத்தில் பேசி, மேலதிகாரியைப் பார்த்து, அந்த டீச்சரை வேறு ஊருக்கு மாற்றாமல் விடப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டத்தில் ஏதோ ஓர் அறிவியல் குழு, பிள்ளைகள் செய்கிற ஆராய்ச்சியைப் பிள்ளைகளே படமாக எடுத்து அனுப்பலாம் என்று பள்ளிகளுக்குச் சொல்லியிருந்தது. வீடியோ கேமராவுக்கு எங்கே போவது என்று டீச்சர் கையைப் பிசைந்தார். எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது என்று நான் எழுந்து நின்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக மாமாவுக்கு நான் ஏழு பிறவிக்கும் கடன்பட்டவள்.

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எதை எடுப்பது, எங்கிருந்து எடுப்பது, என்ன பேசுவது எல்லாம் பிள்ளைகள் முடிவு. மாமா கேமராவைப் பிடிக்க மட்டும் செய்வார். மாமாவும் பெரிய கும்பிடாகப் போட்டு ஒப்புக்கொண்டார். என்னைவிடச் சத்தமாகப் பேச வகுப்பில் ஆள் இல்லாததால் நான் டைரக்டர். டீக்கடைக்காரர் மகன் 'ஆக்‌ஷன்' சொல்லுகிறவன். படம் எப்படித் தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் சிரட்டையை நான் வாய்க்காலில் விடுவேன். அதற்கு என் புது சிவப்பு ரிப்பனை வெட்டிக் கொடி கட்டியிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மேல்மதகுப் படித்துறையில் இறங்கி, சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்தி நின்றேன். டீக்கடைக்காரர் மகன் தொண்டை கிழியக் கத்தினான். கேமரா என் பக்கம் இல்லை. பூவரச மரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க பெரியப்பா நின்றிருந்தார். மாமா அவரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இங்கன வாங்க. நல்ல காரியம், நீங்க தொட்டு விட்டாத்தான் முறை."

தனக்கு வேறு சோலி இல்லையா என்று பெரியப்பா கேட்டார். வாய்தான் கேட்டது, கை அதற்குள் தலைமுடியைப் படிய வாரிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மாமா என் கையிலிருந்து சிரட்டையை வாங்கி அவரிடம் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவை அப்படியே தண்ணீரில் தள்ளியிருப்பேன், கேமராவை நினைத்துத்தான் விட்டேன். எனக்குப் பிறவியிலேயே மூக்கின் மேல் கோபம். இன்றும் அது இறங்கியபாடில்லை.

சாமிக்கு விளக்கு விடுகிற பக்தியோடு பெரியப்பா சிரட்டையைத் தண்ணீரில் விட்டார். விட்டவர் போயிருக்கலாம். போகவில்லை. குளத்துக்கு இது போய்ச் சேர ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் போதும், இதற்கு என்ன பெரிய ஆராய்ச்சி என்று சொல்லி, மெய்யாகவே ஒரு வெற்றிலையை வாயில் போட்டார். டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் கரையோடு நடந்தோம். மில் திருப்பத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. சிரட்டை அதில் மாட்டிக்கொண்டு தள்ளாடியது. வெற்றிலை மென்று முடித்துத் துப்பியாகிவிட்டது, சிரட்டை அசையவில்லை. பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அதைத் தள்ளிவிடக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க பெரியப்பா. தொட்டா கணக்குக் கெட்டுப் போகும்."

சொன்னது நான்தான். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அவரிடம் அந்தக் குரலில் பேசியது கிடையாது, ஆண்களும் கிடையாது. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா நீட்டிய கையைப் பைய இழுத்துக்கொண்டார்.

"அப்பம் என்னட்டி செய்யணும்?"

சும்மா நிற்க வேண்டும், அது எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதையும் சேர்த்துத்தான் கணக்கு என்றேன். பெரியப்பா கரையேறி, ஈர வேட்டியோடு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. எங்களுக்குப் பின்னால் மாமா, மூச்சுக்கூட விடாமல் கேமராவைப் பிடித்து நின்றிருந்தார்.

பெற்றோர் கூட்டம் நடந்த அன்று பொழுது சாயும்போது, பள்ளி மைதானத்தில் டிவியும் வீடியோ டெக்கும் வைத்துப் படத்தைப் போட்டார்கள். முதலில் படம், பிறகு கூட்டம் என்று ஏற்பாடு. ஊரே வந்திருந்தது. நான் முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். கோயில் கோபுரத்தில் தொடங்கியது படம். நாகஸ்வரம் முழங்கியது. டீச்சர் ஒரு தாமரைப் பூவுக்குள்ளிருந்து விரிந்து வந்தார். தலைமை ஆசிரியர் ஓர் இதயத்துக்குள் நின்று கும்பிட்டார். டீக்கடைக்காரர், தபால்காரர், எருமை குளிப்பாட்டியவர், எங்களை வைதுகொண்டே துணி துவைத்த அத்தைமார் எல்லார் முகமும் ஒருத்தர் விடாமல் வந்தது. ராப்பகலாக நான் எழுதி, பேசிப் பதிந்து கொடுத்த விளக்கத்தில் பாதியை நாகஸ்வரம் விழுங்கிவிட்டது. எங்கள் களிமண் வாய்க்கால் கண்ணை மூடித் திறப்பதற்குள் போயே போய்விட்டது. எங்கள் படத்தில் எங்களைத் தேட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு முகத்துக்கும் கூட்டம் கைதட்டியது. மில் திருப்பம் வந்ததும் சத்தம் அடங்கியது. டிவிக்குள் நான் பெரியப்பாவை அதட்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் நாற்காலியில் இருந்த பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் தன் முதுகையும், பக்கத்தில் என் இரட்டைச் சடையையும் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் மைதானமே சிரித்தது. மாமாவைக் கூப்பிட்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

படம் முடிந்து கூட்டம் தொடங்கியபோது பெரியப்பா எழுந்தார். டீச்சர் கையில் இருந்த கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றுவதை நான் பார்த்தேன்.

"அடுத்த சனிக்கிழம பெரிய ஆளுக எல்லாரும் மம்பட்டியோட வாய்க்காலுக்கு வாங்க. அந்தச் செடிய எடுக்கணும். எடுத்த பெறவு தண்ணி எம்புட்டு நேரத்துல வருதுன்னு நம்ம பிள்ளைக கணக்குப் பாக்கட்டும். டீச்சர் சொல்லித் தருவாவ."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டீச்சரை மாற்றுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவர் எடுக்காததை வேறு யாரும் எடுக்கவில்லை. டீச்சர் எங்கள் பள்ளியில் பல வருஷம் இருந்தார். மாவட்டத்தில் எங்கள் படத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் உண்டு. இன்று ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து குறும்படம் எடுப்பதுதான் என் வேலை. போகிற பள்ளியில் எல்லாம், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் யார் என்றுதான் என் கண் முதலில் தேடும்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? கூட்டம் கலைந்ததும் நேரே மாமாவிடம் போனேன். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் சிரட்டையைப் பிடுங்கிக் கொடுத்தது, என் குரலின் மேல் நாகஸ்வரம் போட்டது, தாமரைப் பூ, இதயம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கேட்டேன். பிள்ளைகள் படத்தைக் கல்யாணக் கேசட் ஆக்கிவிட்டீர்களே என்று கேட்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா மைதானத்தின் அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே பெரியப்பா குனிந்து டீச்சரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சிரித்து, ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் நடந்துச்சா இல்லியாட்டி?" என்றார் மாமா.

ஆடி மாதத்தில் எவன் வீட்டில் கல்யாணம் நடக்கும்? இதுகூடத் தெரியாத ஆளிடம் போய் எங்கள் படத்தைக் கொடுத்தோமே என்று திட்டிக்கொண்டே, நான் அம்மாவைத் தேடிப் போனேன்.