முத்துப் போட்ட விரால்

கோவில்பதாகையில் வேம்புலியம்மாள் வீடு எது என்று கேட்டால், "விரால் வளக்குதே, அந்தம்மாவா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். ஏதோ மீன் பண்ணையே வைத்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு விரால். அதுவும் அழகில்லாதது. கறுத்த முதுகு, பாம்புத் தலை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். மூச்சு வாங்க மேலே வரும், வாயைத் திறக்கும், உள்ளே போய்விடும். எனக்கு அந்த மீனைப் பிடிக்காது. வேம்புலியம்மாள் எனக்குப் பெரியம்மா முறை என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையும் ஆசைப்பட்டு வெட்டியதில்லை. கல்யாணமான புதிதில் பெரியப்பா எத்திராஜ் வீட்டுச் சுவருக்கு மண் எடுத்த பள்ளம் அது. மழைக்கு நிரம்பியது, அப்புறம் வற்றவேயில்லை. அதிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துப் பெரியப்பா கத்தரியும் வெண்டையும் போட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தபோது, அவர்களுடைய ஒரே மகள் தாட்சாயிணி ஒரு சொம்பில் மூன்று விரால் குஞ்சுகளைக் கொண்டுவந்து குட்டையில் விட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒன்றைக் கொக்கு கொண்டுபோனது. இன்னொன்று அடுத்த மழையில் வாய்க்கால் வழியே எங்கோ போயிற்று. மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான்.

தாட்சாயிணி அடுத்த பங்குனியைத் தாண்டவில்லை. அம்மை.

இனி எழுதப்போவதை வேம்புலியம்மாள் ஏழு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. மகள் படுப்பதற்கு மூன்று வாரம் முன்னால், மாசியில், அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். லோகநாதன் என்று பெயர். காக்கிக் கோட்டு, சைக்கிள், தோளில் ஒரு பை. காலரா வந்தால் கிணறுகளில் மருந்து போடுகிறவரும் அவர்தான். அவருடைய சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் போதும், பிள்ளைகளெல்லாம் வைக்கோல் போருக்கும் பரணுக்கும் போய்விடுவார்கள். கையில் ஊசி குத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று தெருவே நம்பியது. பெரியப்பா மட்டும் நம்பவில்லை. பட்டணத்தில் கூலி வேலைக்குப் போன காலத்தில் அவருக்கு யாரோ குத்திவிட்டிருந்தார்கள், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "வந்தா கொழந்தைக்குக் குத்திடச் சொல்லு" என்று காலையிலேயே சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

லோகநாதன் வந்து வாசலில் நின்று கேட்டார். வேம்புலியம்மாள், "மாமன் ஊட்டுக்குப் போயிருக்குது" என்றாள். குழந்தை அப்போது நெல் கொட்டி வைக்கும் மண் குதிருக்குள் இருந்தது. சாயங்காலம் பெரியப்பா கேட்டபோது, "அந்தாளு வரவேயில்லியே" என்று சொன்னாள். தெருவில் எத்தனையோ பேர் சொன்ன பொய்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

மகள் போன பிறகு பெரியப்பா தன் துக்கத்தை எல்லாம் லோகநாதன் மேல் கொட்டினார். அவர் தெருவில் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பார். "தோ போறாரு பாரு. தெரு தெருவா சுத்துவாரு, எங்க ஊட்ட மட்டும் உட்டுட்டுப் போவாரு. எம் பொண்ணு மேல இன்னாய்யா கோவம் உனக்கு?" என்று கேட்பார். இதே வார்த்தைகள், மாறாது. லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பார். ஏழு வருடத்தில் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. வேம்புலியம்மாள் உள்ளே அடுப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

முப்பத்தெட்டாம் வருடம் தை மாதத்தில் விரால் ஒரு மாதிரியாக இருந்தது. போட்ட தவளைக் குஞ்சைத் தின்னவில்லை. ஓரமாக வந்து நீர்மட்டத்திலேயே கிடந்தது. பெரியம்மா குனிந்து பார்த்தாள். விலாவில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். இரண்டு நாளில் சில புள்ளிகளின் நடுவில் வெள்ளை கண்டது. அடுத்த வீட்டு நாகவல்லி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, இது ஆத்தா. முத்து போட்டுகீது பாரு" என்றாள்.

மீனுக்கு அம்மையா என்று சிரிக்கத் தோன்றும். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நாகவல்லி குட்டையைச் சுற்றி வேப்பிலை கட்டினாள், தண்ணீரிலும் கொத்துக் கொத்தாகப் போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தண்ணீரில் கரைத்துவிட்டாள். வீட்டில் தாளிப்பது நின்றது, கருவாடு நின்றது. பெரியப்பா ஒரு மீனுக்காக ஐந்து நாள் வெறும் கஞ்சி குடித்தார். ஊசியை நம்பிய மனிதர் இதற்கு ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்டால், அது மகள் விட்ட மீன். அதற்கு மேல் அவரும் யோசித்திருக்க மாட்டார்.

ஆறாம் நாள் வெள்ளை பஞ்சு பஞ்சாகப் பரவியிருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கவே மீன் சிரமப்பட்டது. பெரியம்மா அன்று முழுவதும் கரையில் உட்கார்ந்திருந்தாள். மகளையும் இப்படித்தான், வேப்பிலையால் விசிறிக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருந்தாள். "ஒரு வாட்டி பாத்துகினு குந்தினது போதும்னு தோணிச்சி" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். மறுநாள் பெரியப்பா பூந்தமல்லி சந்தைக்குக் கிளம்பியதும், இவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு திருமுல்லைவாயிலுக்கு நடந்தாள். லோகநாதன் வீடு அங்கேதான்.

அவர் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவளை அடையாளம் தெரிந்தது. "இன்னாம்மா?" என்றார்.

"கொட்டாயில... இல்ல, கொட்டையில ஒரு மீன் கீதுங்கய்யா" என்று தடுமாறினாள். "குட்டையில. ஒடம்பெல்லாம் முத்து. ஆத்தான்னு சொல்றாங்க."

"மீனுக்கு அம்மை வராதும்மா. அது தோல்ல வர்ற புண்ணு. குளிர் காலத்துல வரும்." உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். கிணற்றில் போடும் அதே மருந்து, கருநீலத்தில் பொடிப் பொடிக் கல்லாக. "ஒரு கொடம் தண்ணிக்கு ரெண்டே ரெண்டு கல்லு. ரோஸ் கலருக்கு மேல போவக்கூடாது. மீன எடுத்து அதுல உட்டு, நூறு எண்ணிட்டு, நல்ல தண்ணியில உட்டுடு. ஒரு நாள் உட்டு ஒரு நாள். ஆத்தான்னு வேப்பந்தழ போட்டிருப்பே, மொதல்ல அதெல்லாம் வாரிப் போடு. அது அழுகினா மீனு மூச்சு முட்டியே செத்துடும்."

"பொழைக்குமா?"

"பொழைச்சதும் உண்டு, செத்ததும் உண்டு. ஆனா சொம்மா குந்திகினு இருக்கறதுக்கு இது மேல்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டும் அவள் போகவில்லை. "அன்னிக்கி நீங்க எங்க ஊட்டுக்கு வந்தீங்க" என்றாள்.

"வந்தேன். ஊட்ல இல்லன்னு நோட்டுல எழுதியும் கீது."

"அவரு அந்தப் பேச்சு பேசறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

லோகநாதன் சைக்கிள் கம்பியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "கொழந்தைய பறிகுடுத்த மனுசன்கிட்ட போயி இன்னாத்த சொல்றது? உம் பொஞ்சாதிதான்னு சொல்றதா? என்னிய திட்டினா எனக்கு இன்னா, போற வழியில ரெண்டு நிமிசம்."

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியம்மாவுக்கு ஒரே பயம். மீன் செத்துவிடும் என்ற பயம் ஒன்று. பிழைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரியது. ஏழு வருடமாக, ஆத்தாள் எடுத்துக்கொண்டாள், மனுஷர் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். இந்த மருந்தில் மீன் பிழைத்தால் அந்தச் சமாதானமும் போய்விடும். இதை அவள் மறைக்காமல் என்னிடம் சொன்னாள். அவளிடம் எனக்கு மரியாதை வந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

தழையெல்லாம் வாரி எறிந்தாள். பழைய புடவையை நனைத்து, குட்டையில் இடுப்பளவு இறங்கி மீனை வளைத்துப் பிடித்தாள். மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் கல் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அதில் ரோஸ் நிறத் தண்ணீர் வைத்திருந்தாள். மீனை அதில் விட்டு நூறு எண்ணினாள். எழுபதில் மீன் சாய்ந்தது. ஆனாலும் நூறு வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் எடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாகவல்லி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆத்தா மேலயே கைய வைக்கறியேக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அதற்கப்புறம் பதினைந்து நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

மருந்து விரல்களில் பழுப்பாகப் படிந்தது. தேய்த்தாலும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டில் பெரியப்பா, "கையில இன்னாமே கறை?" என்று கேட்டார். "வாழப்பூ ஆய்ஞ்சேன்" என்றாள். அன்று குழம்பில் வாழைப்பூ இல்லை. அவர் அதைக் கவனிக்கிற ஆள் இல்லை.

இன்னும் மூன்று தடவை அப்படியே செய்தாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு பஞ்சு உதிர்ந்தது. புண் இருந்த இடத்தில் தழும்பு வெளிறித் தெரிந்தது. மாசி பிறந்த வாரம் விரால் நடுக் குட்டையில் துள்ளி ஒரு தட்டானைப் பிடித்தது. கத்தரிச் செடிக்குத் தண்ணீர் மொள்ள வந்த பெரியப்பா குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆத்தா எறங்கிட்டாமே" என்றார். "ஞாயித்துக்கெழம கூழு ஊத்திடலாம்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். கூழ் ஊற்றியிருப்பார்கள், நாகவல்லியும் வந்திருப்பாள், கறையும் ஒரு வாரத்தில் போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. மாசி மாதம், அம்மை குத்துகிற மாதம். பெரியப்பா வழக்கம்போல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினார். பெரியம்மா கொல்லைக் கதவில் குறுக்கே நின்றாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதய்யா" என்றாள். "மீனுக்கு மருந்து குடுத்தது அவருதான். இது வாழப்பூ கறை இல்ல." கையை நீட்டிக் காட்டினாள். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிச்சத்தையும் சொன்னாள். "அன்னிக்கும் அவரு வந்தாரு. வாசல்ல நின்னு கேட்டாரு. நாந்தான் கொழந்தைய ஒளிச்சி வெச்சேன்."

அடிப்பார் என்று நினைத்தாளாம். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிள் மணி பக்கத்தில் வந்தது, வாசலைக் கடந்தது.

"எங்க வெச்ச?" என்று கேட்டார்.

"குதிர்ல."

குதிர் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, "மூச்சு முட்டலியா அதுக்கு?" என்றார்.

"இல்லய்யா. கண்ணாமூச்சின்னு நெனச்சிகினா. உள்ள வாயப் பொத்திகினு சிரிச்சிகினு இருந்தா. அவரு போனப்புறம், நாந்தானே ஜெயிச்சேன்னு கேட்டா."

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

தெருவில் லோகநாதன், எத்திராஜ் வீட்டைத் தாண்டிப் பத்துப் பதினைந்து கஜம் போய் சைக்கிளை நிறுத்தினார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.