ஒரே நம்பரில் இரண்டு பேரின் கண்கள்

இன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மேல்சித்தாமூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்.

“கண் முகாம்ல பேர் குடுத்தோம்மா. எங்க ஊட்டுக்காரருக்கு நாளைக்கு இடது கண்ணு ஆபரேஷன்னு மெசேஜ் வந்துருக்குது. அவருக்கு வலதுல தானே புரை? இடது எனக்குத்தானே? எனக்கு ஒண்ணும் வர்ல.”

முகாமுக்காக அந்த மெசேஜ் தானாகப் போகும்படி செய்துவைத்தவள் நான்தான். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரியாத எனக்கு, திரையில் பெட்டிகளை இழுத்துக் கோக்கும் செயலிதான் கதி.

பதிவுப் படிவம் ஒன்று, டாக்டர் நிரப்பும் படிவம் ஒன்று. இரண்டிலிருந்தும் வரும் தகவலைப் போன் நம்பரை வைத்துச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். நம் ஊரில் வீட்டுக்கே ஒரு நம்பர்தான் கொடுப்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. இருவருக்கும் ஒரே நம்பர் என்பதால், கணவர் பெயரில் இந்த அம்மாவின் கண் போய் ஒட்டிக்கொண்டது.

பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் சிரித்தார்.

“மெசேஜப் பாத்தா கத்தி வெப்பாங்க? கண்ணப் பாத்து மார்க் போட்டுத்தான் செய்வாங்க. டென்ஷன் ஆவாதீங்க.”

ஆனாலும் பட்டியலில் உள்ள எல்லா வீட்டுக்கும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எடுப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “எங்க ஊட்ல யார்கிட்ட பேசணும்?”

என் செயலிக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் நம்பரில் எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள்?