நஸார் அணைக்காத டோர்ச்

நஸாரின் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது வெள்ளவத்தை வீட்டில் கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். நகங்களுக்குள் நஸாரின் இரத்தம் உப்போடு காய்ந்திருந்தது. “நானா வபாத்தாகிட்டாரு” என்று அண்ணன் இறந்த செய்தியைச் சொன்னான்.

அவனோடு இரவில் கடலில் முக்குளித்த கூட்டாளிகளே, உங்களுக்கு அவன் கோபம் தெரியும். பம்பலப்பிட்டிக் கடையில் நான் பெருமையாக வாங்கிய பெரிய டோர்ச்சைப் பார்த்ததும், “இது என்ன மச்சான், கலியாண வீட்டு லைட்டா?” என்று பறித்துச் சுவரில் அடித்தான். கண்ணாடி சிதறியது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என் கன்னத்தில் ஒன்று விட்டான். கடைக்காரர்தான் விலக்கினார். பிறகு எங்கள் இருவருக்கும் அவனே தெரிந்தெடுத்தான்: ஒடுங்கிய வெளிச்சம், கையுறையோடு அழுத்தக்கூடிய சுவிட்ச், மணிக்கட்டில் மாட்டக் கயிறு. “கூட வாறவன்ட கண்ணக் குருடாக்கிற லைட் வாணாம். நீ எங்க ஈக்கிறண்டு எனக்கு வெளங்கணும். அவ்வளவுதான்.”

கல்கிசைக்கு அப்பால் கடலடி முருகைக்கற்பாறையில் ஒருவர் பாய்ச்சிய அகன்ற வெளிச்சத்தில் மிரண்ட விலாங்கு, பக்கத்தில் இருந்த நஸாரின் விரலைக் கவ்விக் கிழித்தது. தசை தொங்க மேலே வந்தவன், மருந்து போடுமுன் அந்த ஆளின் டோர்ச்சைத்தான் கடலில் வீசினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீருக்கு மேலே வந்த பிறகும் டோர்ச்சை எரியவிடுகிறவனைக் கண்டால் அவனுக்குப் பேய் பிடித்துவிடும். வெளிச்சத்தைக் கண்ட முரல் மீன் தண்ணீரைக் கிழித்துப் பாயும். அதன் ஊசி அலகு உடம்பில் ஏறிவிடும். “நூத்திரு! சாகப் போறியா?” என்று அணைக்கச் சொல்லிக் கத்துவான்.

அந்தக் கடைசி இரவில் நீரோட்டம் என்னை அவனிடமிருந்து பிரித்து இழுத்துப்போய்ப் பாறையில் அடித்தது. டோர்ச் நொறுங்கியது, நெற்றி பிளந்தது. மேலே வந்தால் எந்தப் பக்கமும் இருட்டு. செத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் வட்டமிட்டது. படகில் நின்று நஸார் டோர்ச்சை உயர்த்திப் பிடித்திருந்தான். அதை நோக்கி நீந்தினேன். நடுவில் அது சாய்ந்தது. பிறகு மீண்டும் நிமிர்ந்தது.

படகில் ஏறியபோது அவன் கழுத்தடியில் முரலின் அலகு முறிந்து நின்றது. கொப்பளித்த இரத்தத்தை இரு கைகளாலும் பொத்தினேன். நிற்கவில்லை.

மீன் குத்தியதும் படகோட்டி டோர்ச்சை அணைக்கப் போனாராம். நஸார் அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறான். “நூக்காத. அவன் இன்னம் வரல்ல.”

கொட்டாஞ்சேனையில் ஜனாஸா அடக்கம் முடிந்த பின் அவன் தம்பி அந்த டோர்ச்சை என் கையில் வைத்தான். கயிற்றில் இருக்கும் கறையை நான் கழுவவில்லை. அவனுடையது என்று என்னிடம் இருப்பது இதுவும் என் உயிரும்தான்.

நான் வந்திட்டன் மச்சான். இனி நூத்திரு.