வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ்

ஆரோக்கியம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, நெருப்பெரிச்சல் பகுதியில் நான் வண்டி ஓட்டிய பனியன் கம்பெனி வாசலில் லோடுக்காகக் காத்திருந்தேன். உதிரிபாகக் கடை மணிதான் போன் செய்தார். "அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சுவலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுதுங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. ஒருவரைச் சும்மா விடக்கூடாது என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. அவர் யார் என்பதை அண்ணனை அறிந்த உங்களுக்கெல்லாம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனவரைப் பற்றி எழுதும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தாராபுரம் சாலையில் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தார். எங்கள் முதலாளி மூன்றாம் கையாக வாங்கிய ஒரு பழைய வேனை என் தலையில் கட்டியிருந்தார். தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். இரண்டு பேட்டரி மாற்றியும் தீரவில்லை. "பேட்டரிய ஏன்யா திட்டுத? அது என்ன செய்யும்?" என்ற அண்ணன், பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவே ஒரு சின்ன பல்பை மாட்டினார். சாவி போடாமலே பல்பு மங்கலாக எரிந்தது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஏழாவதில் பல்பு அணைந்தது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், யாரோ எப்போதோ சீட்டுக்கடியில் மாட்டிய ஆம்ப்ளிபயர் இரவும் பகலும் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கை நிறையப் பனியன் வேஸ்ட். நம் ஊரில் எது கடகடத்தாலும் வேஸ்ட் துணியைத் திணிப்பதுதானே வழக்கம்? அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒயரு மேல துணி வச்சவன் ஏங்கையில சிக்குனா, அவன் வாயிலயே திணிப்பேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்து பின்விளக்குகளின் பியூஸ் அடிக்கடி போக ஆரம்பித்தது. லோடு ஏறினால் கட்டாயம் போகும். "பாடிக்கு அடியில ஒயரு எங்கயோ உரசுது. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போ, அவுத்துப் பாத்துருதேன். அதுவரைக்கும் லோடு ஏத்தாத" என்றார் அண்ணன். முதலாளியிடம் சொன்னேன். கப்பல் தேதி நெருங்கிவிட்டது என்று அன்றைக்கே தூத்துக்குடிக்கு அனுப்பினார். குண்டடத்துக்கு முன்பே பியூஸ் போனது. தூறல், மாலை மங்கும் நேரம், பின்னால் விளக்கில்லை. போன் செய்தேன். "சிகரெட் பாக்கெட்டு வெள்ளித்தாளு இருக்குமல்லோ, அதப் பியூசுல சுத்தி வெச்சுட்டுப் போ கண்ணு. கப்பலு நமக்காவ நிக்குமா?" என்றார் முதலாளி. வைத்தேன். விளக்கு எரிந்தது. தாராபுரம் வருவதற்குள் வண்டியே எரிந்தது. பின்பலகை சத்தம் போடாமலிருக்க பியூஸ் அறுபடாமல் சூடேறிய அந்த ஒயரைச் சுற்றியும் நாங்கள் வேஸ்ட் திணித்திருந்தோம்.

மறுநாள் வண்டி எரிந்த இடத்துக்கு அண்ணன் பஸ் ஏறி வந்தார். வண்டியின் முன்பக்கம் பாதி தப்பித்திருந்தது. பியூஸ் பெட்டியிலிருந்து கருகிய வெள்ளித்தாளைக் குறட்டால் எடுத்தார். முதலாளி அங்கே கூடியிருந்தவர்களிடம், "எல்லாம் இவரு பாத்த வயரிங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் என்னிடம் வந்து, "யாருய்யா வச்சது?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். "தெரியலீங்ண்ணா" என்றேன். என் வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அண்ணனுடைய தொழிலும் அதில்தான் இருந்தது. வெள்ளித்தாளை முதலாளி காலால் தள்ளிவிட்டார்.

அதன் பிறகு அண்ணனிடம் யாரும் வண்டி விடவில்லை. "வண்டிய எரிச்சவரு" என்ற பெயர் பல்லடம் வரை போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் வெறும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் என்னை விடவில்லை. பேக்கரியிலோ பெட்ரோல் பங்கிலோ என்னைக் கண்டால் போதும், நலம் விசாரிக்கமாட்டார். "யாருய்யா வச்சது?" என்பார். பிறகு தன் டீயைக் குடிப்பார். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

கல்லறைத் தோட்டத்துக்கு முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். "நல்ல மனுசனுங்க. வேலைதான் கொஞ்சம் சுத்தமில்லாமப் போச்சு" என்று பாதிரியாரிடமே சொன்னார். குழியருகில் நின்றிருந்த அண்ணன் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வெள்ளித்தாள வெச்சது நானுங்க. வைக்கச் சொன்னது நீங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஏங்கண்ணு, பேசற எடமா இது?" என்றார் முதலாளி.

"அவரு உசுரோட இருக்கறப்பப் பேசலீங்களே. வேற எங்க பேசறது?"

கம்பெனி வண்டிச் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன். நான் செய்ததற்கு மன்னிப்பு கேட்க அண்ணன் இல்லை. வேறு யாரிடமும் கேட்கப்போவதில்லை.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியை மட்டும்தான். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் முதலாளி தன் சம்பந்தி வீட்டாரோடு நின்றிருந்தார். பக்கத்தில் போய்க் கும்பிட்டேன். "யாருங்க வைக்கச் சொன்னது?" என்று கேட்டேன். சம்பந்தி, "என்னதுங்க?" என்றார். அவருக்கு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். முதலாளி பந்தியில் உட்காராமலே கிளம்பிப் போனார். அவர் போகும் அடுத்த முகூர்த்தத்துக்கும் நான் போவேன்.