மூன்றாவது மலையில் வந்த கலக்கம்

வெள்ளியங்கிரி சாமியைப் பார்க்க ஏழு மலை ஏறவேண்டும். முதல் மலையிலேயே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் சூளைக்குப் பொம்மை ஏற்றுகிற ஆள் நான். நாளெல்லாம் பலகை தூக்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு மலையா என்று சேலம் வரைக்கும் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்திருந்தேன். அதுவரை நான் ஏறிய பெரிய உயரம் எங்கள் ஜங்ஷன் மேம்பாலம்தான்.

கூட வந்தவர் பட்டறையில் தீ போடுகிற அண்ணன். வருஷா வருஷம் வருகிறவர். மூங்கில் கம்போடு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். நான் கம்பைப் பிடித்திருந்தேனா, கம்பு என்னைப் பிடித்திருந்ததா, தெரியவில்லை.

மூன்றாவது மலையில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம். "யானையா இருக்கும்" என்றார் அண்ணன், பஸ் வருகிறது என்று சொல்வதுபோல. பயத்தை மறைக்க வாயைத் திறந்தேன்.

"புள்ள நல்லபடியா பொறந்தா அடுத்த வருசமும் வரேண்ணே."

"யாரு புள்ள?"

"எம்புள்ளதாண்ணே. வூட்ல மூணு மாசம்."

அண்ணன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். "டேய், பொண்டாட்டி மாசமா இருந்தா புருசன் மலை ஏறக்கூடாதுடா. இதுகூடவா தெரியாது?"

"முடி வெட்டக்கூடாதுன்னுதாண்ணே சொன்னாங்க. அதான் கரடியாட்டம் அலையிறேன்."

"மலையும் ஏறக்கூடாது."

"பாதிதானண்ணே ஏறியிருக்கேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. முந்தின வருஷம் எங்களுக்கு ஒரு பிள்ளை கலைந்துபோனது அவருக்கும் தெரியும்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். கொஞ்சம் ஏறினேன், திரும்பி இறங்கினேன். ஏறினால் தப்பு. இறங்கினாலும் ஏறினது ஏறினதுதான்.

"ஒரு எடத்துல நில்லேன்டா, எனக்குத் தல சுத்துது."

வீட்டில் இருந்த ஒரே செல்போனை அவளிடம் விட்டு வந்திருந்தேன். அடிவாரத்துப் பூத்துக்குப் போனால்தான் பேச முடியும். அண்ணன் மேலே போனார். நான் கீழே. பாதி தூரம் காலால் இறங்கினேன், மீதியை உட்கார்ந்த வாக்கில். காற்றில் அசைந்த புதரெல்லாம் யானையாகத் தெரிந்தது. எதிரே ஏறி வந்தவர்கள், நான் சாமி பார்த்துவிட்டு வருகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

பூத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். "வயிறு கியிறு வலிக்குதாடி?"

"இல்லியே. உச்சிக்குப் போயிட்டீங்களா?"

"அடிவாரத்துல நிக்கிறேன். நான் மலையே ஏறக்கூடாதாமே."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அது அடங்கிய பிறகு, "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் அனுப்புன?"

"போன தடவ எங்கம்மா சொன்னது ஒன்னு வுடாம கேட்டேன். நீங்களும் பொங்கலுக்குக்கூட முடி வெட்டல. என்னா ஆச்சு? அதான் இந்த தடவ ஏன் இப்புடி ஆச்சுன்னு நேரா அந்த சாமிகிட்டயே நீங்க போயி கேக்கட்டும்னு அனுப்புனேன். நீங்க பாதியில எறங்கி வந்து எங்கிட்ட கேக்குறீங்க."

அவள் குரல் உடைந்ததுபோல இருந்தது. அழுகிறாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"காலு நடுங்குதுடி."

"உக்காந்து உக்காந்து ஏறுங்க."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி முதல் படியில் கால் வைத்தபோது, கம்பு விற்கிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இப்பத்தானுங்களே எறங்கி வந்தீங்க?"

"சாமிகிட்ட ஒன்னு கேக்காம வந்துட்டேங்க" என்றேன்.