புரொக்டர் இராமையா பிறந்த இடம்

நகரசபைக்கு வழக்காடிய புரொக்டர் இராமையா கெட்டிக்காரர்தான். ஆனால் சொந்த விஷயத்தில் கோட்டை விட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மூத்த மகன் அவர். 1949இல் சபை அவரை வழக்கறிஞராக நியமித்தபோது, கறுப்புக் கோட்டோடு அவர் நீதிமன்றப் படி ஏறுவதைப் பார்க்க லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்துச் சனம் வேலையைக்கூட விட்டுவிட்டு வந்தது. கோயிலுக்குப் போகும் பாதையைத் தோட்டத்துரை முள்வேலி போட்டு மறித்தபோது வழக்காடித் திறக்க வைத்தவர் அவர்தான். சாக்கடையை அடைத்துக் கடை கட்டிய பெரிய முதலாளியையும் விடவில்லை. கடை இடிந்தது. முதலாளி அதை மறக்கவில்லை.

குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்துச் சனம் நாடில்லாமல் நின்ற காலம் அது. மனுப் போட 51 ஆகஸ்டு வரைதான் தவணை. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டு வாசலில் கூட்டம் நெரியும். கூலி வாங்காமல் நூற்றுக்கணக்கான மனுக்களை எழுதிக் கொடுத்தார். தனக்கு மட்டும் எழுதவில்லை. அப்பாவும் தானும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், மனு எதற்கு என்று இருந்துவிட்டார். பள்ளிக்கூடப் பதிவிலும் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர்தான் இருந்தது.

57இல் சபைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ‘உங்கள் புரொக்டர் இந்தியாவில் பிறந்தவர், விசாரியுங்கள்.’ இராமையா சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்த் தாய் சண்முகவடிவிடம் சொன்னார். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா தம்பி. தலைச்சன் புள்ளையில்ல நீ? ஒங்க மாமா வந்து கூட்டிட்டுப் போனாரு. தொறையூருக்கிட்ட பெத்து, மூணு மாசக் கைப்புள்ளையா தூக்கியாந்தேன்.”

“இத்தனை நாளா ஏம்மா சொல்லல?”

“நீ எங்க கேட்ட?”

அவர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வெளியில் பிறந்தவன் என்றால் தகப்பனோடு பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாட்டனோ இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் கால்நடையாக மலையேறி வந்தவர். மனுத் தவணை முடிந்து ஆறு வருடமாகிவிட்டது. வேலை போகும், வாக்குப் போகும், வளர்ந்த நாட்டிலேயே விசாவுக்குக் கைகட்டி நிற்க வேண்டும்.

விசாரணைக்குத் தாயையும் அழைத்து வரும்படி குடியுரிமை இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. அதன் பிறகு தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டாலே அவருக்குச் சோறு இறங்காது. பொய் எழுதினால் மனுவைக் கிழித்துப் போடுவேன் என்று ஊரையே மிரட்டிய மனுஷன், பெற்ற தாய்க்குப் பொய் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். பாவம், பயம் யாரைத்தான் விட்டது?

“என்னைய எங்க பெத்தம்மா?”

“இங்கதான். தோட்டத்துல, கணக்கப்புள்ள வீட்டுல.”

இரண்டு வாரம் தினமும் இதே பாடம்.

விசாரணை அதிகாரிக்கு நன்றாகத் தமிழ் தெரிந்திருந்தது. சண்முகவடிவும் சொல்லிக்கொடுத்தபடி பிசகாமல் சொன்னாள். இராமையா மூச்சு விட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வருத்தப்படுகிறவர் போல அவளைப் பார்த்தார்.

“தலைப்பிரசவத்துக்குக்கூடப் பொறந்த வீட்டுல இருந்து யாரும் வரலையாம்மா? ஒங்கள அப்பிடியே கைகழுவிட்டாங்களா?”

இராமையா மேசைக்குக் கீழே கையை நீட்டினார். தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“யாரப் பாத்து என்ன பேச்சுப் பேசுறீங்க? எங்கண்ணன் நெல்லறுப்பக்கூட விட்டுட்டுக் கப்பலேறி வந்து என்னைய கூட்டிட்டுப் போனாரு! எங்கம்மா வீட்டுலதான் பெத்தேன். ஊரே வந்து புள்ளையப் பாத்துச்சு!”

அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். அவளிடம் கைநாட்டு வாங்கினார். பிறகு தாளை இராமையாவின் பக்கம் திருப்பி, சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

“பொறந்த வீட்ட விட்டுக் குடுக்காமப் பேசினேனா, தம்பி?” என்று கேட்டாள் சண்முகவடிவு. அவள் முகமெல்லாம் பெருமை.

“நல்லாப் பேசினம்மா” என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.