கோடி வேட்டி கட்டி வண்டி ஓட்டியவன்

அடுப்பெரிக்கப் பருத்திமாரை வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, அவுக போயிட்டாக" என்றாள் முத்துராக்கு. "இந்தத் தடவ நெசந்தான்" என்று சேர்த்துச் சொன்னாள்.

பூமிநாதன் இறந்ததாக எனக்குச் செய்தி வந்தது இது இரண்டாவது முறை. முதல் செய்தி ஆறு வருடங்களுக்கு முன்னால் வந்தது. நடுவில் அவன் எப்படி இருந்தான், அவனை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பதை அவனை அறிந்த சொந்தபந்தங்களுக்காக எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் தாராளமாகக் கோபப்படலாம். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பலசரக்குப் பொட்டலத்துக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். எனக்கு மெழுகிப் பேச வராது. பூமிநாதன் என் மனைவியின் தம்பி, என்னைவிட மிகவும் இளையவன். முத்துராக்கு அவன் பெண்டாட்டி. செத்துவிட்டான் என்பதற்காக இன்றைக்கு 'அவர்' என்று எழுதவும் எனக்கு வராது.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களிடம் வேட்டியும் சேலையும் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் விற்பது அவன் தொழில். காரியாபட்டிப் பக்கம் போய்விட்டுத் திரும்பிய ஒரு நாள், பொழுது சாயும் நேரம், மல்லாங்கிணறு தாண்டி ஒரு டிராக்டர் கருவேல விறகு ஏற்றிக்கொண்டு பின்விளக்கு இல்லாமல் ரோட்டில் நின்றிருக்கிறது. அதில் போய் மோதினான். இடது தொடை, இடுப்பு, விலா, தலை எல்லாவற்றிலும் அடி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பல நாள் நினைவில்லாமல் கிடந்தான். கடைசியில் டாக்டர், "வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான் உண்டு.

ஆம்புலன்ஸ் ஊருக்குள் நுழையும்போதே வாசலில் பந்தல் நின்றது. தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து, மாலை போட்ட படம், அன்றைய தேதி. ஐஸ் பெட்டிக்குக் கரண்டு வயர் இழுத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் பிணத்தின்மேல் போர்த்தும் கோடித்துணியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவன் அவனுடைய சித்தப்பா மகன் வேலுச்சாமி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். எதையும் முந்திச் செய்துவிட வேண்டும் அவனுக்கு.

வீட்டுக்குள் இறக்கியதும் ஆக்சிஜன் குழாயை எடுத்துவிடுவது வழக்கம். முத்துராக்கு குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இதுல கை வச்சா கைய ஒடிச்சிருவேன்" என்றாள்.

"மதினி, வந்த சனம் காத்துக்கெடக்குல்ல?" என்றான் வேலுச்சாமி.

"காத்துக்கெடக்குற சனத்துக்குக் காப்பி போட்டுக் குடு. என் தாலிய அறுக்க இன்னும் நேரமாகும்."

அன்று அவன் சாகவில்லை. ஐஸ் பெட்டிக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். "வேற ஊருல கேக்குறாக, எடுத்துட்டுப் போகவா?" என்றார். மறுநாள் காலையில் பூமிநாதன் கண்ணைத் திறந்தான். அவனை அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வந்த சனத்தின் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். ஒரு நாள் வேலை கெட்ட கடுப்புதான் இருந்தது.

பிணத்துக்கென்று கொண்டுவந்த கோடியைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அதனால் அத்தனை பேரும் வேட்டியையும் துண்டையும் அவன் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நான் மட்டும் வெறுங்கையோடு போயிருந்தேன். செத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். கஞ்சப்பயல் என்று என் காதுபடப் பேசினார்கள்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்தவன் படுத்துக்கொண்டே அந்தக் குவியலைக் கேட்டான். ஒவ்வொரு துணியையும் விரலிடுக்கில் வைத்து உரசிப் பார்த்தான். "மச்சான், நம்ம சனம் என் உசுருக்கு வச்ச தரத்தப் பாத்தீகளா? இது காப்பி வடிகட்டத்தான் ஆகும்" என்றான். விலா வலிக்கச் சிரித்தான். சிரிப்பு அழுகையில் முடிந்தது.

அதன் பிறகுதான் உண்மையான கொடுமை தொடங்கியது. தொடையில் வைத்த கம்பி சீழ் பிடித்தது. அறுத்து எடுத்தார்கள். வேறு கம்பி வைத்தார்கள், அதுவும் சீழ் பிடித்தது. சர்க்கரை வேறு சேர்ந்துகொண்டது. ஒரு கால் குட்டையாகி, முழங்கால் மடங்காமல் விறைத்தது. புண் ஆறும், ஒரு மாதம் கழித்து வேறு இடத்தில் வாய் திறக்கும். முத்துராக்கு அந்தக் கோடி வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்துக் கட்டுப் போட்டாள். "எனக்குக் கொண்டாந்தது எனக்கே சேந்திருச்சு" என்பான் அவன்.

உறவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "ஒரு தடவ எழவுன்னு வந்து துட்டி கேட்டாச்சு, இன்னொரு தடவ போயி என்னத்தக் கேக்க?" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பெயரை எழுதவில்லை, அவருக்குத் தெரியும். காதுகுத்து, கல்யாணம், புதுவீடு என்று எதற்கும் அவனுக்கு அழைப்பில்லை. தனக்கே எழவுப் பந்தல் பார்த்தவன் நல்ல காரியத்துக்கு ஆகாதாம். "என்னயத் திரும்ப உசுரோட சேத்துக்கிட்டாப் போதும் மச்சான். வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். கேட்டது அது ஒன்றுதான்.

மூன்றாம் வருடம் வண்டியில் ஏறினான். மடங்காத காலால் தள்ள வசதியாகக் கியரில் நீளமாக ஒரு கம்பி பற்றவைத்திருந்தான். வெயிலுக்கு வண்டியை மூடி வைத்தது அந்தக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸால்தான். "மூஞ்சி உள்பக்கமா இருக்கட்டும். வெளுத்துப் போயிருவேன்" என்பான் மனைவியிடம். ஆனால் கல்யாணத்துக்கு அவனிடம் துணி எடுக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் துட்டி விழுந்த வீட்டுக்காரர்கள்தான் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். கோடி மட்டும் விற்றான். "செத்தவனுக்கு எடுக்கும்போது யாரும் பேரம் பேச மாட்டாக மச்சான். பேரம் பேசுறது உசுரோட இருக்கிறவன்கிட்டதான்" என்றான்.

பிறகு வேலுச்சாமி மகள் கல்யாணம் வந்தது. அருப்புக்கோட்டையில் மண்டபம். எனக்குப் பத்திரிகை வந்தது, அவனுக்கு வரவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது வண்டிச் சத்தம் கேட்டது. சட்டையைத் தேய்த்துப் போட்டு, கம்பு ஊன்றி, பூமிநாதன் வந்தான். கட்டியிருந்த வேட்டியை வேலுச்சாமி பார்த்தான், நானும் பார்த்தேன்.

"அண்ணே, ஒடம்பு இருக்கிற இருப்புக்கு எதுக்கு இந்த அலைச்சல்? சாப்பாட்டக் கட்டிக் குடுத்து விட்டிருப்பேன்ல?"

"யாரு எடுத்த வேட்டின்னு தெரியுதா வேலு? நீ எனக்குக் கொண்டாந்ததுதாம்ப்பா. ரெண்டு தண்ணிக்கே கரைச் சாயம் ஊத்திப்போச்சு. அடுத்த தடவ பாத்து எடு."

அவன் பந்தியில் உட்கார்ந்ததும் இரு பக்கத்து இலையிலும் இருந்தவர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் நிதானமாகச் சாப்பிட்டான். பாயசம் மறுபடியும் கேட்டு வாங்கினான். நான் போய் அவன் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். பூமிநாதன் கை கழுவிவிட்டு, மணமக்களுக்கு விபூதி பூச மேடைப் பக்கம் போனான். படியிலேயே வேலுச்சாமி நின்றுகொண்டான். "அவுக சாப்பிடப் போயிட்டாகண்ணே" என்றான். மணமக்கள் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்கள். அன்று வீடு திரும்பியதும் பூமிநாதனுக்குக் காய்ச்சல் கண்டது. புண் மறுபடியும் வாய் திறந்தது. அதற்கப்புறம் அவன் நிமிரவே இல்லை. வருடக்கணக்காகத் தின்ற வலி மாத்திரையும் உடம்பில் ஓடிய சீழும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டன என்றார்கள்.

இரண்டாவது சாவுக்குப் பந்தல் இல்லை. தெருச்சனமும் பங்காளிகள் சிலரும் வந்தார்கள். எல்லோரும் வெறுங்கை. நான் ஒருவன்தான் கோடியோடு போனேன்.

"மச்சான், ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ கோடி போடுற வழக்கம் நம்ம வகையில கெடையாது" என்றான் வேலுச்சாமி. வண்டியைப் பார்த்தான். "அந்தப் பிளெக்ஸக் கூட எடுத்துக் கட்டிரலாம். தேதிய மட்டும் மாத்தி ஒட்டுனாப் போதும். படம் நல்லாத்தான் இருக்கு."

"ஏலே, அன்னைக்குக் கோடி வந்தது உசுரோட இருந்தவனுக்குடா. செத்தவனுக்கு இன்னும் ஒண்ணும் வரல" என்றேன்.

"வயசான காலத்துல எதுக்கு வீம்பு?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அப்போது முத்துராக்கு எழுந்து உள்ளே போனாள். வரும்போது அவள் கையில் கரை ஊத்திய ஒரு வேட்டியும், துவைத்து மடித்த துணிப்பட்டைகளும் இருந்தன. "கால்ல கட்டுனது போக மிச்சம் இது. நீங்க கொண்டாந்ததுதான். ஒண்ணையும் நாங்க வச்சுக்கிறல" என்றாள். வேட்டியைப் பூமிநாதன்மேல் போர்த்தினாள். பட்டைகளை ஒவ்வொன்றாக அந்தக் காலின் மேல் அடுக்கினாள். வெந்நீரில் எத்தனை அலசியும் போகாத கறை அவற்றில் இருந்தது. நான் கொண்டுபோனதை அதற்கு மேல் போர்த்தினேன்.

என்னிடம் அவனுடையது ஒன்று இருக்கிறது. போன தை மாதம், படுக்கையில் இருந்தபடியே மூட்டையை அவிழ்க்கச் சொல்லி ஒரு வேட்டியை எடுத்துக் கொடுத்தான். "மச்சான், இது உங்களுக்கு. உங்க பங்காளிக எடுக்கிறது மட்டமா இருக்கும்" என்றான். நல்ல நூல், கெட்டிக் கரை. அதைப் பெட்டியில் பூட்டி வைத்துச் சாவுக்குக் காத்திருக்க எனக்கு உத்தேசமில்லை. வேலுச்சாமிக்கு ஒரு மகனும் இருக்கிறான். அவன் கல்யாணத்துக்கு அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு போவேன். இதைப் படித்த பிறகு எனக்குப் பத்திரிகை வராது. வராவிட்டாலும் போவேன்.